ஆண்டறிக்கை 2025-26: மலையிறங்கும் மக்களும் வருமானமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிக்கவிருப்பதால், கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகளாகிய நாம் இவ்வாண்டு செயற்குழுவில் அதிகம் பேசியதை மட்டும் இங்கு விரித்துச் சொல்கிறேன்.

2001இல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றே. சோவியத் ஒன்றியம் சிதறி நம் தேயிலையின் பெரிய சந்தை கைநழுவியதும், 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததும், கொழுந்து (பறித்த இளந்தேயிலை) விற்ற பணத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியதும் நாம் கண்ணால் கண்டவை.

ஆட்கள் போனால் ஊருக்குத் தெரிகிறது. பணம் போவது தெரிவதில்லை. பட்டாதாரர் கோவையில் குடியிருந்தால் கொழுந்துக்கான தொகை அங்கேயே செலவாகிறது. பறிப்புக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும் கூலியில் மிச்சம் பிடித்ததைத் தம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் வராவிட்டால் பல தோட்டங்களில் பறிப்பே நடக்காது என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆயினும் இந்த மண்ணில் விளையும் வருமானத்தில் நம் கடைவீதிக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது.

என் பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. படுகர்களின் குலதெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வீட்டுக்காரர்கள் வந்து திறந்து, விளக்கேற்றி, நான்கு நாளில் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தோட்டத்தில் கவாத்து செய்யாத, அதாவது கிளை நறுக்காத, தேயிலைச் செடிகள் என் தலைக்கு மேல் மரமாக நிற்கின்றன. இத்தகைய தோட்டங்களை உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் பக்கத்து விவசாயிகளே கவாத்து செய்து பறிக்கலாம் என்றும், கிடைப்பதை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

2021இல் நடக்காமல் தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, எந்த நாளின் மக்கள்தொகை கணக்கிடப்படும் என்ற தேதி 2027 மார்ச் 1. வெளியூரில் இருப்பவர்களை அந்த நேரத்தில் வரவழைத்து இங்கே பதியச் சொல்லலாம் என்று சிலர் யோசனை கூறினர். ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே கணக்கில் வர வேண்டும் என்பதால் அதைச் செயற்குழு ஏற்கவில்லை. ஆனால் இங்கேயே வாழும் முதியவர்களும், தோட்டக் குடியிருப்புகளில் தங்கியிருக்கும் வடமாநிலக் குடும்பங்களும் விடுபட்டுவிடக் கூடாது. கணக்கெடுப்பாளருடன் ஒவ்வொரு தெருவுக்கும் செல்ல இருவர் வீதம் இன்றே பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்