நெல்லிக்கனியோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

படித்ததில் பிடித்ததை எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் புது நாவல்களையே சொல்கிறார்கள். நான் பழசு ஒன்றைச் சொல்கிறேன்: உரையோடு கூடிய புறநானூறு.

தகடூர்க்காரர்களான, அதாவது தருமபுரிக்காரர்களான நமக்கு அதியமான் என்றால் நெல்லிக்கனி, அதோடு சரி. 95-ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போன ஔவை அவன் ஆயுதங்களைப் பார்த்துச் சொல்கிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பஸ்ஸில் வாசித்துக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். புகழ்வது போல என்னவொரு குத்தல்!

அப்புறம் 235. அதியமான் இறந்தபின் பாடியது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்று தொடங்குகிறது. மேடையில் இதை யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை, காரணம் தெரிந்ததுதான்.

மூலம் கடினம். உரையை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்கு வந்தால் பிடிபடும். 87-இல் தொடங்கி 95 வரை எல்லாமே அதியமானை ஔவை பாடியவை. பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம். 235-ஐ மட்டும் கொஞ்சம் வளர்ந்தபிறகு.

ஒரு வாசகர்,
அதியமான்கோட்டை, தருமபுரி மாவட்டம்.