பெயர் சொல்லாமல் போன தம்பிக்கு நன்றி

யாங்கூனில் எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்கள் இருக்கும் கணினியை மீட்டுக் கொடுத்த தம்பிக்கு மனமார்ந்த நன்றி. கடையில் புது எஸ்எஸ்டி (வேகமான புதுவகைச் சேமிப்பு டிஸ்க்) போட்டு விண்டோஸ் ஏற்றியபோது பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றவில்லை. அதனால் கணினியைத் தொடங்கி வைக்கும் பூட் கோப்புகள் மட்டும், பழைய டிஸ்க்கில் அவற்றுக்கென்றே ஒதுக்கியிருந்த இஎஃப்ஐ பகுதிக்குப் போய்விட்டன. அந்த டிஸ்க் செத்ததும், எஸ்எஸ்டியில் விண்டோஸ் முழுசாக இருந்தும் கணினி எழவில்லை. எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள்.

தம்பி கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து வந்தார். பென்டிரைவ் வழியாகக் கணினியைத் திறந்து, முதலில் பாடங்களைப் பத்திரமாக நகலெடுத்தார். அப்புறம் எஸ்எஸ்டியிலேயே சின்னதாக ஓர் இஎஃப்ஐ பகுதி பிரித்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அங்கே எழுதினார். ஒரு கோப்புகூடப் போகவில்லை. காசும் வாங்கவில்லை. பெரிய மனசு தம்பி உங்களுக்கு. ஒருநாள் கட்டாயம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.