மொட்டை மலையில் நான் நட்ட இரண்டு கன்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் நீலகிரிப் பயணக் கட்டுரை படித்தேன். முக்குருத்திப் பக்கத்துப் புல்வெளிகளை 'மொட்டை மலை' என்று சொல்லி, யாராவது நாலு மரக்கன்று நட்டால் புண்ணியமாகப் போகும் என்று அங்கலாய்த்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

நட்டாயிற்று ஐயா. 1976இல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளான எங்களை வனமகோத்சவம் என்று மேட்டில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு இரண்டு சீகைக் கன்று (வாட்டில் என்கிற அந்நிய மரம்) கொடுத்தார்கள். நட்டோம், கை தட்டினார்கள், ஆளுக்கொரு பென்சிலும் கிடைத்தது. இன்று அந்தச் சரிவில் ஆள் நுழைய முடியாது. சீகைக்கு அடியில் பேருக்குக்கூடப் புல் இல்லை. வெட்டினாலும் மண்ணில் பல வருடம் கிடந்த விதை மறுபடி முளைக்கிறது. என் பங்கு இரண்டு மரம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மேட்டில் உறைபனி விழுந்தால் சோலை மரத்தின் கன்று கருகிவிடும், புல் திரும்பத் துளிர்க்கும். அதனால்தான் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். சதுப்புகளின் கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். மனிதன் மரம் வெட்டி மொட்டையடித்த இடமல்ல அது. முக்குருத்திப் பக்கம் அந்தப் புல்வெளியில் பிறக்கிற பைக்காரா ஆறுதான் மோயாறாகிப் பவானிசாகருக்கு வருகிறது. அந்த அணைத் தண்ணீரில் விளைந்த அரிசியைக் கட்டுரையாளரும் சாப்பிட்டிருக்கலாம்.

இதுவாவது அறியாமை என்று விடலாம். வரையாடு பார்க்க, சோதனைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழி ஒன்றையும் போட்டிருக்கிறீர்களே! 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 வரையாடுகள். ஒரு கல்யாண மண்டபக் கூட்டம், அவ்வளவுதான். குட்டி போடும் காலத்தில், வரையாடு வாழும் கேரளத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை அடைத்துவிடுவார்கள். அது தெரியாமல் ஒரு பிப்ரவரியில் குடும்பத்தோடு போய் வாசலிலேயே திரும்பி வந்தவன் நான். சுற்று வழி எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். உங்கள் கட்டுரையை அப்போதே படித்திருக்க வேண்டும்.

2018இல் குறிஞ்சி பூத்தபோதும் இதே கதைதான். கொத்துக் கொத்தாகப் பறித்த பூவோடு சிரிப்பவர்களை அரைப்பக்கப் படமாகப் போட்டீர்கள். நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் நாலு வரி வந்தது. அதிலும் பூவைப் பறிக்காதீர்கள் என்ற வரியைக் காணோம். இடப் பற்றாக்குறை என்றார்கள். சரி. 2030இல் மறுபடி பூக்கும், அதற்குள் இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிழைதிருத்தத்தில் ஒரு வரி: 'மொட்டை மலை என்பதைப் புல்வெளி எனத் திருத்தி வாசிக்கவும்.' அப்புறம், அந்தக் குறுக்கு வழியை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் தொடர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வருகிறது.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகன்