ஏழு ஸ்பூன் சர்க்கரை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பேத்தி தட்டில் காயை ஒதுக்குகிறாள் என்று நீ புலம்பியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கேயும் அதே கதைதான்.

போன மாதம் வரை நான் லஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தேன். காயைத் தின்றால் சாக்லேட். பேரன் தின்றான், கூடவே, சாக்லேட் என்றால் பரிசு, காய் என்றால் தண்டனை என்றும் கற்றுக்கொண்டான். இப்போது பேரம் கிடையாது. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் வயிற்றின் பாடு. புதுக் காய் என்றால் தட்டோரத்தில் ஒரே துண்டு. சில பிள்ளைகளுக்குப் பத்துப் பதினைந்து தடவை பார்த்துப் பழகினால்தான் வாயில் வைக்கவே மனசு வரும். நாமோ மூன்றாம் தடவையே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். பீட்ரூட்டை ஒன்பதாம் தடவை நக்கிப் பார்த்தான். அதற்கே எனக்குப் பெருமை.

சர்க்கரைப் பாடம் ஒன்று நடந்தது, கேள். கால் லிட்டர் பழச்சாறு டப்பா. பின்பக்கம் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. ஒரு டீஸ்பூனுக்குச் சுமார் 4 கிராம் பிடிக்கும். அந்த டப்பாவில் இருக்கும் அளவு சர்க்கரையைக் காலி தம்ளரில் அவனையே அள்ளிப் போடச் சொன்னேன். நாலாவது ஸ்பூனில் “போதும் தாத்தா” என்றான். “இன்னும் மூணு இருக்குடா.” போட்டு முடித்து, தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பேச்சே இல்லை. அன்றைக்கு அந்தச் சாற்றைக் குடித்துத்தான் தீர்த்தான், அது வேறு விஷயம். ஆனால் இப்போது எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படிக்கிறான், நான் ஒளித்து வைத்திருக்கும் பிஸ்கட் உட்பட!

அப்புறம் ஓட்டம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம், விட்டு விட்டுச் சேர்த்தாலும் சரி. ‘உடற்பயிற்சி’ என்ற சொல்லையே நான் வீட்டில் எடுப்பதில்லை. எடுத்தால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடி “போய் விளையாடு” என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வரை அவன் நகரவே இல்லை. நான் செருப்பை மாட்டியதும் எனக்கு முன்னால் வாசலில் நின்றான். முதல் வாரம் கால் வலி எனக்குத்தான்.

அடுத்த தடவை காய் வாங்கப் போகும்போது பேத்தியைக் கூட்டிப்போ. அவளே ஒன்றைப் பொறுக்கட்டும், வீட்டில் அவளே கழுவட்டும். என்ன எடுத்தாள் என்று எழுது. இவன் பந்தோடு வந்து நிற்கிறான், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி