ஆளில்லாத அரங்கில் விடைபெற்றவருக்கு

அன்புள்ள டேவிட் சில்வா அவர்களுக்கு,

வணக்கம். 2023 ஜூலை 27 அன்று நீங்கள் ஓய்வை அறிவித்தபோதே எழுத நினைத்த கடிதம் இது. உங்களுக்கு அப்போது வயது 37. உங்கள் ஸ்பானியக் கால்பந்து அணியான ரியல் சோசியடாட் புதிய பருவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில், சாதாரணப் பயிற்சி ஒன்றில், முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் கிழிந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரியாவிடை ஆட்டம் இல்லை, மைதானத்தைச் சுற்றிக் கையசைத்து வரும் கடைசி வலமும் இல்லை. உங்களுக்கு இது முதல் முறையும் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

மான்செஸ்டர் சிட்டியில் 10 ஆண்டுகள், 436 ஆட்டங்கள், 77 கோல்கள், இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் 4 பட்டங்கள். இத்தனைக்கும் பிறகு, அங்கே உங்கள் கடைசி லீக் ஆட்டம் 2020 ஜூலை 26 அன்று, கொரோனாவால் கதவடைத்த சொந்த எத்திஹாட் அரங்கில், நார்விச் அணிக்கு எதிராக நடந்தது. 5-0 என்று வென்ற அந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் நீங்கள் வெளியே வந்தபோது கைதட்டுவதற்குச் சக வீரர்களும் பயிற்சியாளர்களும் மட்டுமே இருந்தார்கள். அடுத்த மாதம் லிஸ்பனில் லியோன் அணியிடம் 3-1 என்று தோற்ற ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதியும் ஆளில்லாத அரங்கில்தான்.

அதைவிட விசித்திரமானது நீங்கள் வென்ற கடைசிக் கோப்பை. 2020ஆம் ஆண்டுக்குரிய, ஸ்பெயின் நாட்டு அரசர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோதவேண்டியவை சோசியடாடும் அத்லெடிக் பில்பாவோவும். வட ஸ்பெயினின் பாஸ்க் மண்ணில் இரு பங்காளிகள். ரசிகர்கள் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆட மனமில்லை என்று இரு கிளப்புகளும் கேட்டுக்கொண்டதால் அது ஓராண்டு தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தால்தான், இறுதிக்குத் தகுதிபெற்ற அணியில் இல்லாமல், பிறகே சிட்டியிலிருந்து சோசியடாடுக்கு வந்த உங்களுக்கு அதில் ஆடும் வாய்ப்பே கிடைத்தது. ஆனால், ஓராண்டு காத்திருந்தும், 2021 ஏப்ரல் 3 அன்று செவில்லா நகரின் லா கார்தூஹா அரங்கு காலியாகவே இருந்தது. சக வீரர் ஓயார்சபாலின் பெனால்டியில் 1-0 என்று வென்றீர்கள். 34 ஆண்டுகளுக்குப் பிறகு சோசியடாடுக்குக் கிடைத்த அரசர் கோப்பை அது.

கூட்டம் உங்களுக்கு ஒருபோதும் பொருட்டாக இருந்ததில்லை என்று சிலர் சொல்லக்கூடும். கிரான் கனாரியா தீவில் ஆர்கினெகின் என்ற மீனவ ஊரில் பிறந்து, 14 வயதில் கடல் தாண்டி வலென்சியா வந்து, 18 வயதில் இரண்டாம் பிரிவு எய்பார் அணிக்குக் கடனாகப் போனவர் நீங்கள். உங்களுக்கு முன்பு ஸ்பெயினுக்காக ஆடிய ஹுவான் கார்லோஸ் வலேரோன் பிறந்ததும் அதே ஊரில்தான். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று நானும் என் தம்பியும் பேசிக்கொள்வதுண்டு. உங்கள் இருவருக்குமே சத்தம் போடாத கால்கள்.

உங்கள் ஆட்டத்தை நான் புரிந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. 2011 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை. தெருவில் பிள்ளைகள் முன்கூட்டியே வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓல்ட் டிராஃபோர்டில், ஊர்ப் போட்டியாளரான மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் சொந்த அரங்கிலேயே 6-1 என்று நீங்கள் நொறுக்கிய ஆட்டம் அது. ஐந்தாவது கோல் உங்களுடையது, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஆறாவது. உயரத்திலிருந்து இறங்கிய பந்தைத் தரையில் படவிடாமல், உடலைத் திருப்பியபடியே இடது காலால் ஒரே வீச்சில் அனுப்பினீர்கள். அது தடுப்பாட்ட வீரர்களின் தலைக்கு மேலே பறந்து, ஓடிக்கொண்டிருந்த சக வீரர் ஜெகோவின் முன்னால் போய் விழுந்தது. கோல் அடித்தவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பந்து எங்கிருந்து புறப்பட்டது என்று திரும்பிப் பார்க்க நான் பழகியது அன்றிலிருந்துதான்.

பிறகு கவனித்தேன். பந்து உங்களிடம் வருமுன்னரே ஓரிரு முறை தோளுக்குப் பின்னால் பார்த்துவிடுவீர்கள். எதிரணியின் பக்கவாட்டுத் தடுப்பாளருக்கும் நடுத் தடுப்பாளருக்கும் இடையே, இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் சந்து ஒன்று உண்டு. அங்கே போய் நின்றுகொள்வீர்கள். ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ள ஒருவர் முரட்டு உடல்களின் லீகில் 10 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது அந்தச் சந்துகளை நம்பித்தான். 309 பிரீமியர் லீக் ஆட்டங்களில் 60 கோல்கள், 93 அசிஸ்ட்கள், அதாவது கோலுக்கு வழிவகுத்த கடைசிப் பாஸ்கள், என்கிறது கணக்கு. அசிஸ்டுக்கு முந்தைய பாஸை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் உங்கள் பெயர் இன்னும் எங்கோ இருந்திருக்கும்.

ஸ்பெயினுக்காக 125 ஆட்டங்கள். 2010 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் தோற்ற முதல் ஆட்டத்துக்குப் பிறகு, அரையிறுதியின் கடைசி நிமிடங்களில் மட்டுமே உங்களுக்கு இடம் கிடைத்தது. நீங்கள் முணுமுணுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. 2012 யூரோ கோப்பை இறுதியில், இத்தாலிக்கு எதிராக, 14ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தீர்கள்; அதுவும் தலையால்!

2017 டிசம்பரில் உங்கள் மகன் மடேயோ மிகக் குறைமாதத்தில் பிறந்தான். அந்தக் குளிர்காலம் முழுவதும் வலென்சியாவில் மகனுக்கும் மான்செஸ்டரில் அணிக்குமாகப் பறந்துகொண்டிருந்தீர்கள். பயிற்சியைத் தவறவிட்டு வந்தும் ஆடினீர்கள். மார்ச்சில் ஸ்டோக் அணிக்கு எதிராக அடித்த இரண்டு கோல்களும் உங்களுடையவையே. 2018 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் அவனைக் கையில் ஏந்தி எத்திஹாட் புல்தரைக்கு வந்தீர்கள். அன்று ஃப்ரீ கிக்கில் ஒரு கோலும் அடித்தீர்கள். அன்று அரங்கு நிறைந்திருந்தது. அதை நினைத்துத்தான் நான் ஆறுதல் கொள்கிறேன்.

இப்போது அதே அரங்கின் வெளியே உங்களுக்குச் சிலை இருக்கிறது. எஃகுத் துண்டுகளைப் பற்றவைத்து ஆண்டி ஸ்காட் செய்த அந்த உருவத்தில் துண்டுகளுக்கு நடுவே ஏராளமான இடைவெளிகள், அவற்றின் வழியே வானம் தெரிகிறது. சிற்பியின் வழக்கமான பாணி அது என்றாலும், உங்களை வடிக்க அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடைசிப் பருவத்தில் சோசியடாட் நான்காம் இடம் பிடித்து, 10 ஆண்டுகளுக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதிபெற்றது. நீங்கள் ஓய்வுபெற்ற இரண்டாவது மாதம், செப்டம்பர் 20 இரவில், இத்தாலியின் இண்டர் மிலான் சோசியடாடின் அனோயெட்டா அரங்குக்கு வந்தது. சோசியடாடின் பிரைஸ் மென்டெஸ் நான்காவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, நான் பழக்கதோஷத்தில் பந்து எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்களைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த ஒருவன்