பெயிண்டர் அண்ணனுக்கு: ஆர்75 வண்டியின் நிறம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணே,

வணக்கம். "அடியில என்ன கலர், மேல லேக்கர் எத்தனை கோட்டு?" என்று போனில் கேட்டீர்கள். பளபளக்கும் மேல்பூச்சான அந்த லேக்கரே வேண்டாம் என்றேன். அதற்கான காரணத்தைப் போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்பதில் ஒரு பங்கு அளவில், பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடலாக, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவ பைக்கான பி.எம்.டபிள்யூ ஆர்75, சைடுகாரோடு, உங்கள் மேசையில் காத்திருக்கிறது. நிஜமான வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தே பழகியவர் நீங்கள். மாடல் பக்கம் உங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் இன்னும் சிலர் வந்தால் இந்தக் கலைக்கு நல்லது என்பதால், இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பட்டறையில் இருக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை இந்தப் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கிட்டின் பாகங்கள் பாலிஸ்டைரீன். தின்னர் பட்டால் இளகிக் கூழாகிவிடும். வண்டிக்குப் போடும் பட்டியைத் தடிமனாகப் பூசினாலும் அடியில் இருக்கும் மெல்லிய பாகம் வளையும். இணைப்புக் கோடுகளுக்கு மாடலுக்கென்றே விற்கும் பட்டியை மெல்லிசாகத் தடவி, மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அந்தக் கை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ப்ரே கன்னுக்குப் பதில் 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷ், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்று, அக்ரிலிக் பெயிண்ட். தொடங்க இவ்வளவு போதும்.

இனி வண்டி. 1941-இல் தயாரிப்புக்கு வந்தது. 745 சி.சி., இருபக்கமும் படுத்த நிலையில் இரண்டு சிலிண்டர், 26 குதிரைத்திறன். சைடுகாரோடு சேர்த்து சுமார் 420 கிலோ. சைடுகார் சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும். பின்சக்கரத்திலிருந்து ஒரு ஷாஃப்ட் குறுக்கே ஓடும். இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பூட்டவும் முடியும். ரிவர்ஸ் கியர் உண்டு. சாலைக்கு ஒரு கியர் வரிசை, கரடுமுரடான நிலத்துக்கு இன்னொன்று. முன்சக்கர பிரேக் கேபிளில் இயங்கும், பின்சக்கரத்துக்கும் சைடுகார் சக்கரத்துக்கும் ஹைட்ராலிக். மூன்று சக்கரத்திலும் ஒரே 16 அங்குல ரிம், எதை வேண்டுமானாலும் எங்கும் மாற்றிப் போடலாம். ஸ்டெப்னி சைடுகாரின் மேலேயே இருக்கும். அதே காலத்தில் சுண்டாப் நிறுவனம் செய்த கே.எஸ்.750 இதற்குப் போட்டி வண்டி. ராணுவம் வற்புறுத்தியதால் இரண்டுக்கும் ஏராளமான பாகங்கள் பொதுவாக்கப்பட்டன.

நிஜத்தில் 2.4 மீட்டர் நீளம். உங்கள் மாடலில் 27 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் பக்கத்தில் அதிகம் செய்யப்படும் சின்ன ராணுவ மாடல்களில் பைக் என்பது விரல் நீளம்கூட இருக்காது. அதில் கார்புரேட்டர் ஒரு புள்ளி. இதில் கிளட்ச் கேபிள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கிறவர் கண்ணாலேயே தொடர்ந்து போவார். இந்த அளவில் எதையும் மறைக்க முடியாது என்பதால்தான் உங்களைப் போன்ற ஒருவர் இதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு வண்டி உங்கள் பட்டறைக்குள் வந்ததும் நீங்கள் முதலில் செய்வது என்ன? அதைச் சுற்றி வருவீர்கள். டேங்கின் பக்கவாட்டில் பெயிண்ட் மங்கியிருந்தால் முட்டி உரசியது என்பீர்கள். கிக்கருக்குப் பக்கத்தில் கீறல் இருந்தால் ஷூ பட்டது. பெட்ரோல் மூடிக்குக் கீழே கறை இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. ஓனர் வாயைத் திறப்பதற்கு முன்பே வண்டி எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் அந்த அடையாளங்களையெல்லாம் தேய்த்து அழித்துவிட்டுப் புதுசாக்குவீர்கள். போர்க்கால வண்டியின் மாடலுக்குத் தேவை முதல் பாதி மட்டும். எந்த அடையாளத்தை வைத்தாலும் "இதை எது செய்தது?" என்ற கேள்விக்கு வண்டியிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத கறை வேண்டாம். உலகம் முழுக்க எத்தனையோ மாடல்களில் துருவும் சேறும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். பார்க்கப் பிரமாதமாகக்கூட இருக்கும். ஆனால் ஒரு மெக்கானிக் பார்த்தால், இந்த இடத்தில் எப்படித் துரு வரும் என்று கேட்பார். உங்கள் மாடலில் அந்தக் கேள்வி எழக்கூடாது.

வண்டி ஓடிய களம் வட ஆப்பிரிக்கா என்று நீங்கள் முடிவு செய்தது நல்ல முடிவு. அங்கே நிறமே ஒரு வரலாறு. ஜெர்மன் ராணுவ வண்டிகள் அப்போது ஆலையிலிருந்து வந்தது ஆர்ஏஎல் 7021 என்ற கருஞ்சாம்பலில். ஆர்ஏஎல் என்பது ஜெர்மனியின் நிற எண் முறை. 1941 பிப்ரவரியில் லிபியாவின் டிரிப்போலியில் ஜெர்மனியின் ஆப்பிரிக்கப் படை இறங்கியபோது வண்டிகள் அந்த நிறத்தில்தான் இருந்தன. பாலைவனத்தில் அது வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். மார்ச் மாதம் ஆப்பிரிக்காவுக்கென்று தனி உத்தரவு வந்தது: ஆர்ஏஎல் 8000 மஞ்சள் பழுப்பு, அதோடு மூன்றில் ஒரு பங்குக்கு 7008 என்ற பச்சை கலந்த சாம்பல். 1942 மார்ச்சில் இவை 8020 பழுப்பாகவும் 7027 சாம்பலாகவும் மாறின. 1943 பிப்ரவரியில் எல்லா முனைகளுக்கும் பொதுவாக 7028 அடர்மஞ்சள் வந்தது. அதே ஆண்டு மே மாதம் துனீசியாவில் அந்தப் படை சரணடைந்துவிட்டது. பைக் போன்ற சின்ன உருவத்துக்கு இரட்டை நிறம் தேவையில்லை என்பது என் கருத்து. 8000 மட்டும் அடியுங்கள்.

இதில் உங்களுக்கான வேலை எங்கே இருக்கிறது தெரியுமா? சாம்பல் நிறத்தின் மேல் மஞ்சள் பழுப்பு பூசிய வண்டி அது. அப்படியானால் கீறலில் தெரிய வேண்டியது என்ன? நம் ஆட்கள் உடனே வெள்ளிப் பெயிண்டைத் தொடுவார்கள். மேல் பூச்சு உரிந்தால் அடியில் இருக்கும் சாம்பல்தான் முதலில் வரும். அதையும் தாண்டித் தினமும் உலோகம் உரசுகிற இடங்களில் மட்டும், அதாவது ஃபுட்ரெஸ்ட், கியர் லீவரின் நுனி, சைடுகாரில் ஏறும்போது பூட்ஸ் படும் விளிம்பு, இங்கெல்லாம் இரும்பு தெரியலாம். அதற்குப் பெயிண்டே வேண்டாம். பென்சில் ஈயத்தை விரலில் தொட்டுத் தேய்த்தால் இரும்பின் மங்கலான மினுமினுப்பு தானாக வரும்.

உரித்துக் காட்ட ஒரு வழி சொல்கிறேன். கருஞ்சாம்பலை முழுசாக அடியுங்கள். மாடல் பெயிண்ட் விற்கும் டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-63 இதற்குச் சரி. சின்ன உருவத்தில் அடர்நிறம் நிஜத்தைவிடக் கறுப்பாகத் தெரியும், அதனால் கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அதைக் காக்க ஒரு தெளிவான பூச்சு. அதற்கு மேல் பெண்கள் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே, இரண்டு லேசான கோட்டு. பிறகு மஞ்சள் பழுப்பு அக்ரிலிக். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், கெட்டியான மயிருள்ள தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, வேண்டிய இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் கரையும். அதன் மேலிருக்கும் மஞ்சளும் சேர்ந்து கிளம்பும். அடியில் சாம்பல் அப்படியே நிற்கும். உரியும் வடிவம் நாம் வரைந்தது போல இருக்காது, நிஜத்தில் உரிவது போலவே ஒழுங்கில்லாமல் இருக்கும்.

அளவை மட்டும் மறக்காதீர்கள். மாடலில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் 9 மில்லிமீட்டர். தூரிகையில் அலட்சியமாக வைத்த ஒரு 2 மில்லிமீட்டர் பொட்டு, நிஜத்தில் 18 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்துக்குக் கொஞ்சம்தான் குறைவான காயம். டேங்கில் அப்படிப் பத்து இடத்தில் இருந்தால் அந்த வண்டியை யாரோ சுத்தியலால் அடித்திருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டும் எல்லையில், ஊசி முனை அளவில் வையுங்கள். எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதை உங்கள் பட்டறை அனுபவம் சொல்லும்.

இன்ஜினில் நிதானமாக உட்காருங்கள். கிரேங்க் கேஸும் கியர்பாக்ஸும் அலுமினிய வார்ப்பு. அலுமினியம் செந்துரு பிடிக்காது, வெளிறி மங்கும். சிலிண்டர் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் மறுபடி அலுமினியம். ஒரே இன்ஜினில் இரண்டு உலோகம், இரண்டு விதமான முதுமை. இந்த வண்டி காலாட்படையோடு நடைவேகத்தில் ஊர்ந்தபோது சிலிண்டருக்குப் போதிய காற்று கிடைக்காமல் சூடேறும். சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே எண்ணெய்ப் பசையும் தூசியும் வெந்து கருகிய பழுப்பு அங்கே நியாயமானது. சைலன்சரை உயரத் தூக்கி வைத்திருப்பார்கள். அதன் பெயிண்ட் சீக்கிரமே எரிந்துபோகும், அதனால் வண்டியில் துருவுக்கு நிஜமான உரிமை உள்ள இடம் அதுதான். அங்கேயும் மெல்லிய செம்பழுப்புதான். தயாரித்து ஓராண்டு, ஈராண்டு ஓடிய வண்டி அது. தகரம் ஓட்டை விழும் அளவுக்குத் துரு அதற்கு வர நேரமில்லை.

சீட்டைத் தோல் நிறத்தில் அடிக்கப் போகிறீர்கள் என்று என் மனசு சொல்கிறது. வேண்டாம். அது ரப்பர் சீட். வெயிலில் வெளிறிய கறுப்பு. உட்காரும் இடம் மட்டும் தேய்ந்து லேசான மினுக்கம். டயரும் கறுப்புதான், ஆனால் அதே கறுப்பு இல்லை. ஹேண்டில் கிரிப் இன்னொரு கறுப்பு. மூன்றையும் ஒரே புட்டியிலிருந்து அடித்தால் மாடல் செத்துவிடும். கிட்டோடு வரும் மென்மையான டயர் சில வருடத்தில் பிளாஸ்டிக் ரிம்மை இளக்கிவிடுவதும் உண்டு, அதனால் ரிம்மின் உட்பக்கம் பிரைமர் விடாமல் அடித்துவிடுங்கள்.

தூசிக்கு வருவோம். லிபியா, எகிப்துக் கடற்கரையை ஒட்டிய அந்தப் பாலைவனம் சுண்ணாம்புக்கல் பூமி. அதன் புழுதி நம் தேரிக்காட்டுச் செம்மண் போல இருக்காது. வெளிறிய, சற்றே மஞ்சளோடிய வெண்மை. புழுதி காட்டப் பூசும் பிக்மெண்ட் பொடியை வாங்கும்போது பேரைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள். பின்சக்கரம் வாரி இறைப்பதெல்லாம் சைடுகாரின் உட்பக்கத்தில்தான் போய் அடிக்கும், அங்கே அதிகம். எண்ணெய் கசியும் இடத்தில் புழுதி பொடியாக நிற்காது, கெட்டிப்பட்டு அடை அடையாக ஒட்டும்: டிஃபரன்ஷியல், ஷாஃப்ட், ஹப். பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் வழிந்த பெட்ரோல் புழுதியைக் கழுவி இறக்கிய கோடுகள். ஆயில் பெயிண்டைக் கனிமத் தின்னரில் (மினரல் ஸ்பிரிட், என்.சி. அல்ல) நீர்க்கக் கலந்து, நுனித் தூரிகையால் அங்கே ஒரு கோடு இழுத்தால் போதும். கடைசியில் மினுக்கமில்லாத மேட் வார்னிஷ். உங்கள் லேக்கர் எங்கே என்றால், எண்ணெய்க் கறையின் மேல் ஒரு துளி. ஈரம் தெரிய வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் அண்ணே. இந்த வண்டி நாஜி ஜெர்மனியின் படைக்கு வேலை செய்த வண்டி. போர்க்காலத்தில் பி.எம்.டபிள்யூ ஆலைகளில் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், சிறை முகாம் கைதிகள் வேலை வாங்கப்பட்டார்கள். நிறுவனமே பின்னாளில் ஒப்புக்கொண்ட வரலாறு இது. ஸ்வஸ்திகாவோடு கூடிய பனைமரம் அந்த ஆப்பிரிக்கப் படையின் சின்னம். அது இந்த வண்டிகளில் இருந்தது. அதை அழகுக்காகப் பெரிதாக்கி, பளிச்சென்று நடுவில் வைக்கும் மாடல்களைப் பார்த்தால் எனக்கு மனசு கசக்கிறது. வைப்பதானால் உரிய இடத்தில், உரிய அளவில், புழுதி படிந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் வண்டி எங்கே, யாருக்காக, யார் கையால் செய்யப்பட்டது என்று எழுதுங்கள். ஒருவர் உங்கள் வேலையைப் பாராட்ட வந்து அந்த அட்டையையும் படித்துவிட்டுப் போகட்டும்.

பெயிண்ட் புட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம் முடிவாக வேண்டும். தொடக்கத்தில் வந்த ஆர்75-இல் ஏர் ஃபில்டர் கியர்பாக்ஸ் பக்கம் இருந்தது. புழுதியைத் தாங்காததால், பிந்தைய வண்டிகளில் அதை டேங்கின் மேலே, ஹெல்மெட் போன்ற ஒரு மூடிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். உங்கள் கிட்டில் டேங்க் மேல் அந்த மூடி இருந்தால் நான் சொன்ன 8000-ஐ விட்டுவிட்டு 8020 அடிக்க வேண்டியிருக்கும், அடியில் சாம்பலும் கட்டாயம் இல்லை. பெட்டியில் டேங்க் பாகம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் அனுப்புங்கள். பார்த்துவிட்டு நிறத்தைச் சொல்கிறேன். அதுவரை இன்ஜினை ஒட்டத் தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி