அந்த வண்டில் மட்டும்

சின்னம்மா,

1995 ஒக்டோபர் 30. இன்றோடு 30 வருடங்கள். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல இருக்கிறது? என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததே நீங்கள்தான்.

நாவற்குழிப் பாலத்தடி. மழை, சனம், நகர முடியாத சைக்கிள்கள். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். "அந்தா, அந்த வண்டில் மட்டும், அதுவரைக்கும் நட. சரி, இனி அந்தக் குடை மட்டும்." எனக்குத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து "ஓம்" என்றேன். நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

2002இல் முற்றம் கூட்டும்போதும் அப்படித்தான் உங்களோடேயே கதைத்துக்கொண்டிருந்தீர்கள். வந்திருந்த சிநேகிதிகளிடம் "எங்கட வீட்டு விசரி" என்றேன். விளக்குமாறு ஒரு கணம் நின்றது. அதற்குப் பிறகு உங்கள் சத்தம் கேட்கவேயில்லை.

மன்னியுங்கோ. 15 வயது, வெட்கம். ஆனால் சின்னம்மா, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட சொற்களில் ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லையே! ஏ.எல். பரீட்சை முடிவு வந்த அன்று "உன்னால ஏலாதெண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றீர்கள். இன்றைக்கும் காலையில் கால் நிலத்தில் படமுதல் அதுதான் கேட்கிறது. முழந்தாளிட்டால் ஜெபத்துக்கு முந்தி அது வந்து நிற்கிறது.

போன கிழமை ஞாயிறு பாடசாலையில் வேதாகமத்தின் சங்கீதம் 42 எடுத்தேன். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" ஒரு பெடியன் கேட்டான், "ரீச்சர், இவர் ஆரோட கதைக்கிறார்?" தன்னோடுதான் என்றேன். வகுப்பே சிரித்தது, அன்றைக்கு என் சிநேகிதிகள் சிரித்த மாதிரியே.

அதே கேள்வி 42இல் இரண்டு தரம், 43இல் இன்னொரு தரம் வருகிறது. பாட்டுக்கான பல்லவி என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், முதல் தரம் கேட்டதற்கு ஆத்துமா அசையவில்லை போலிருக்கிறது. அதற்காகச் சங்கீதக்காரர் அதை ஏசவில்லை. திரும்பவும் கேட்கிறார், தேவனை நோக்கிக் காத்திரு என்கிறார். அதற்காகத் தன்னோடு இனிமையாகக் கதைத்தால் போதும் என்றும் இல்லை. லூக்கா சுவிசேஷம் 12இல் வருகிற ஐசுவரியவானும் தன் ஆத்துமாவை இளைப்பாறு, புசி, குடி என்று தேற்றினான். அன்று இரவே உயிர் போகும் என்று தேவன் சொல்லிவிட்டார். யூடியூபில் "நீ வெல்வாய்" என்று கத்துகிற பிரசங்கிமாரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான். நீங்கள் ஒரு நாளும் வெல்வதைப் பற்றிக் கதைக்கவில்லை, வண்டில் மட்டும்தான்.

எனக்கும் அதைச் சொல்லியிருக்கலாம்.

நேற்றுக் காலை எழும்ப மனமே வரவில்லை. "கிணத்தடி மட்டும் நட" என்றேன், வாய்விட்டு. பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.